பிரெஞ்ச் டோஸ்டுக்கு எந்தப் பாண்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி போல எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வரும். பீத்தோவன் 1810இல் எலீஸ் என்ற யாருக்கோ எழுதிய பியானோ மெட்டு, ஓட்டோவின் முன்பக்கம் கட்டிய சின்ன ஒலிபெருக்கிக்குள்ளால் கீச்சுக் குரலில் வரும். இலங்கை முழுக்க அந்த மெட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: பாண் வருகுது. பிள்ளைகள் படலையடிக்கு ஓடுவார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்கும். அந்த மணத்தில் மயங்கி ஒரு றாத்தல் பாணை வாங்கி, அந்தக் கையோடு பிரெஞ்ச் டோஸ்ட் செய்ய இறங்கினால் கெட்டது காரியம். ஏழெட்டு ஞாயிறுகளைப் பழுதாக்கித்தான் இதை நான் படித்தேன்.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலைச் சாப்பாடு என் பொறுப்பு. கிழமை முழுக்க வேலைக்கும் போய் அடுப்படியையும் பார்க்கிற மனைவி அன்றைக்காவது ஏழரை மட்டும் படுக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கிய பொறுப்பு. சாப்பிட ஐந்து பேர்: நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், மாமி. மகளுக்கு எட்டு மணிக்கு ரியூசன், மகனுக்கு ஒன்பது மணிக்கு அறநெறி வகுப்பு. மாமிக்குச் சீனி வருத்தம். எதைச் செய்தாலும் இந்த நான்கைந்து கயிற்றுக்குள்தான் நிற்க வேண்டும்.

புட்டு என்றால் மாக் குழைத்து, தேங்காய் துருவி, அவித்து இறக்க முக்கால் மணித்தியாலம் போய்விடும். இடியப்பம் அதைவிட அதிகம். சொதியும் வைக்க வேண்டும், உரல் பிழிந்த கையும் நோகும். பாணும் சம்பலும் பத்து நிமிட வேலை, ஆனால் அது திங்கள், செவ்வாயிலும் தின்கிறதுதானே. பிரெஞ்ச் டோஸ்ட் இருபத்தைந்து நிமிடத்தில் முடியும், முட்டையும் பாலும் உள்ளே போகும், பிள்ளைகள் கெஞ்ச வைக்காமல் தின்பார்கள். செய்வதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டில் பிரச்சினை இல்லை. எதைக் கொண்டு செய்வது என்பதில்தான் கதையே.

பேரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இது பிரெஞ்ச் டோஸ்ட். ஊருக்குள் பலருக்கும் பம்பாய் டோஸ்ட். மாமிக்கு இரண்டுமில்லை. "உது எங்கட முட்டைப் பாண்தானே தம்பி, உதுக்கேன் வேற பேர்?" என்பார். பிரெஞ்சுக்காரர் தங்கள் மொழியில் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கு 'தொலைந்த பாண்' என்று பொருள். காய்ந்துபோய் இனிக் கழிவுதான் என்றாகிவிட்ட பாணை மீட்டெடுக்கிற சாப்பாடு. ஜெர்மன்காரர் 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். எங்களுக்குப் பாண் என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போன போர்த்துக்கேயரின் நாட்டில் இதை நத்தாருக்குச் செய்கிறார்கள். ரோமர் காலத்திலேயே பாணைப் பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் ஊற்றித் தின்றிருக்கிறார்கள். எந்த ஊரிலும் இது பழைய பாணின் சாப்பாடு. சுடச்சுட வந்த பாணில் அது ஏன் சரிவரவில்லை என்பது இதிலேயே இருக்கிறது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சீனி கண்ணில் படாத நாட்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்த தலைமுறை பாண் துண்டு எதையும் எறியாது. மாமி இன்றைக்கும் மிஞ்சிய பாணை வெயிலில் காயவிட்டு ரின்னில் போட்டு வைப்பார். நான் ஏழெட்டுத் தரம் பிழைவிட்டுக் கண்டுபிடித்ததை அவர் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சரி, பாணுக்கு வருவோம். கிளிநொச்சியில் எங்கள் பக்கம் கையெட்டும் தூரத்தில் நான்கு வகை கிடைக்கும். வெட்டாத அச்சுப் பாண், பொலித்தீனில் சுற்றி வெட்டி வருகிற சான்விச் பாண், றோஸ் பாண், அப்புறம் பணிஸ்.

முதலில் நான் எடுத்தது சான்விச் பாண். எல்லாரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள், ஏற்கெனவே வெட்டியிருக்கிறதே. ஆனால் துண்டு மெல்லிசு. பால் முட்டைக் கலவையில் போட்டு, மற்றப் பக்கம் புரட்டுவதற்குள் நடுவில் பிய்ந்துவிடும். கவனமாக ஐந்து விநாடியில் தூக்கினால் பிய்யாது, ஆனால் உள்ளே ஒன்றும் ஊறியிருக்காது; வெளியே முட்டைப் பொரியல், உள்ளே வெறும் பாண். பிரெஞ்ச் டோஸ்ட் என்றால் வெளியே பொன்னிறமாக, உள்ளே வட்டிலப்பம் மாதிரி இளகி இருக்க வேண்டும். மெல்லிய துண்டில் அந்த உள்ளே என்ற இடமே இல்லை. இந்தப் பாணில் இனிப்பும் கொஞ்சம் கூட, அதனால் கருகவும் அவசரம். வேறு ஒன்றும் இல்லாத நாளுக்கு மட்டும் இது.

அச்சுப் பாணின் நன்மை, கத்தி என் கையில் இருப்பது. பெருவிரல் அகலம், அதாவது இரண்டு சென்ரிமீற்றர் கனத்தில் வெட்டுவேன். 450 கிராம் பாண் ஒன்றில் இரண்டு கரையையும் விட்டால் எட்டுத் துண்டு வரும். பேக்கரிக்காரர் விலையைக் கூட்டாமல் பாணை ஊதவைத்து விற்கிற காலங்களில் அந்த எட்டும் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும், அது வேறு கதை. கையில் எடுத்துப் பாருங்கள். பாரமான பாண் பாலைத் தாங்கும், ஊதிய பாண் தாங்காது.

ஆனால் அதே அச்சுப் பாண், அன்று காலை வந்ததென்றால் பிழை. சூடான பாணுக்குள் ஈரம் இன்னும் நிற்கிறது, மாச்சத்து இளகிக் கிடக்கிறது. அதைக் கத்தியால் அறுக்கவே முடியாது. நசிந்து களிபோல ஒட்டும். கலவையில் போட்டால் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பாலை ஒழுங்காக உறிஞ்சாமல் ஓரத்தால் கரையும். ஒரு இரவு கழிந்தால் அந்த மாச்சத்து மறுபடி இறுகிவிடும். பாண் காய்கிறது என்று நாங்கள் சொல்வதில் பாதி ஈரம் போவது, மற்றப் பாதி இந்த இறுக்கம். இறுகிய பாண் கடற்பஞ்சு போல உறிஞ்சும், உறிஞ்சியும் உருக்குலையாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்த இறுக்கம் இன்னும் கெதியாக வரும். அதனால்தான் பெட்டியில் வைத்த பாண் அடுத்த நாள் தின்னப் பிடிக்காமல் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு அதுவே நன்மை. ஒரு எச்சரிக்கை: மூடாமல் வைத்தால் நேற்றைய மீன் குழம்பு மணத்தையும் சேர்த்து உறிஞ்சும். நான் மூடாமல் வைத்த ஞாயிறு ஒன்றில் மகன் ஒரு கடி கடித்துவிட்டு, "அப்பா, இது பாரை மீனோ?" என்று கேட்டான்.

ஆகவே இப்போது என் முறை இது. சனிக்கிழமை பின்னேரம் பாண் வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு துண்டு வெட்டி, சுளகில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, மெல்லிய துணியால் மூடி மேசையில் வைப்பேன். மேசைக் கால்களுக்குக் கீழே தண்ணீர் விட்ட சிரட்டை வைக்க மறந்தால் காலையில் எறும்புக்குத்தான் பிரெஞ்ச் டோஸ்ட். ஆடி, ஆவணியில் காற்றே காய்ச்சிவிடும். மார்கழி மழையில் எதுவும் காயாது, அந்த நாட்களில் பெட்டிக்குள் மூடி வைப்பேன். இரண்டு நாள் பாணும் நல்லதுதான், ஆனால் மழைக்காலத்தில் மூன்றாம் நாளைத் தாண்டினால் பூஞ்சணம் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி கண்டாலும் முழுப் பாணையும் எறியுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்பது சரியில்லை, பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். மாமியோடு நான் வாக்குவாதப்படுகிற ஒரே இடம் இது.

றோஸ் பாண் எனக்கு மிக விருப்பம், ஆனால் இதற்கில்லை. மேலோடு முறுகல்தான் அதன் பெருமை. அந்த மேலோடு பாலை உள்ளே விடாது. அதைப் பருப்புக் கறியோடு தின்னுங்கள்.

பணிஸ்தான் எதிர்பாராத போட்டியாளர். பிரான்சில் இதற்கு முட்டையும் பட்டரும் சேர்த்துச் சுட்ட ஒரு வகை இனிப்புப் பாண்தான் சிறப்பு என்பார்கள். அது எங்கள் கடைகளில் இல்லை, கொழும்பின் பெரிய கடைகளில் இருக்கும். அதற்குக் கிட்டச் சொந்தம் எங்கள் வெறும் பணிஸ். நேற்றைய பணிஸைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தை மட்டும் கலவையில் அரை நிமிடம் வைத்து எடுத்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. அச்சுப் பாணைவிட மெதுமை. ஆனால் மேலே சீனி தூவிய பணிஸ் என்றால் சீனி கல்லில் ஒட்டிக் கருகும். ஐந்து பேருக்குச் செய்ய எத்தனை பணிஸ் வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் பாண் பாதி விலையில் முடிகிறது. பிறந்தநாள், சோதனை முடிந்த நாள் என்றால் பணிஸ். மற்ற நாளுக்கு அச்சுப் பாண்.

ஒரு முறை குரக்கன் பாணிலும் செய்து பார்த்தேன், மாமிக்காக. குரக்கனில் கோதுமை மாவின் இழுவைத்தன்மை இல்லாததால் கலவையில் போட்டதும் உதிர்ந்துவிட்டது. அதை மூலையில் நின்ற கோழிகள் நன்றாகச் சாப்பிட்டன.

பாணில் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம், இந்தச் சாப்பாட்டில் முக்கால்வாசித் தீர்மானம் அதுதான். பாலும் முட்டையும் எண்ணெயும் பிழைத்தால் ருசி கொஞ்சம் குறையும். பாண் பிழைத்தால் சாப்பாடே இல்லை.

பாலில் எங்கள் பக்கம் வசதி அதிகம். விடியப் போத்தலில் பசும்பால் கொண்டுவந்து தருகிறவர் இருக்கிறார். மாடில்லாத வீட்டைவிட மாடுள்ள வீடுகள் கூடின ஊர். பால்மா கடையில் இருக்கும். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பிறகு வீட்டில் ஒரு பக்கற் குறையாமல் வைத்திருப்பது பழக்கமாகிவிட்டது. ரின்பால் இருக்கிறது. தேங்காய்ப் பால் பிழியலாம்.

பசும்பால்தான் ருசி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது காய்ச்ச வேண்டிய பால். காய்ச்சிய பால் ஆற வேண்டும். ஒரு ஞாயிறு மகளுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் கொதித்து இறக்கிய பாலை அடித்த முட்டைக்குள் அப்படியே ஊற்றினேன். கோப்பைக்குள் வெள்ளையும் மஞ்சளுமாகத் திரிதிரியாகத் திரண்டது. முட்டைக் கஞ்சி. நான்கு ஊர்க்கோழி முட்டை போயிற்று. எட்டிப் பார்த்த மாமி ஒன்றும் சொல்லவில்லை. உப்பும் மிளகும் தூவி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனார். விரலை வைத்தால் சூடு தெரியாத அளவுக்குப் பால் ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் பின்னேரம் காய்ச்சி ஆறவைத்த பால் இருந்தால் அதுவே சிறப்பு.

பால்மாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆறிய கொதிநீரில் கரைத்தால் முடிந்தது, வேண்டிய அளவு மட்டும் கரைக்கலாம். ருசியில் சின்ன வித்தியாசம் உண்டு, ஏலக்காய் போட்டால் அதுவும் மறைந்துவிடும். அவசர ஞாயிறுகளில் நான் இப்போது பால்மாவைத்தான் எடுக்கிறேன்.

ரின்பால் போட்டால் சீனி தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதிலுள்ள சீனி முழுவதும் கலவைக்குள் இருப்பதால் கல்லில் பட்ட இடமெல்லாம் உள் வேகுமுன் கறுத்துவிடும். விருப்பமென்றால் சுட்ட பிறகு மேலே ஒரு கரண்டி ஊற்றுங்கள். சீனிக்கும் இதே சட்டம்தான்: கலவையில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள், இனிப்பு மேலே வரட்டும்.

தேங்காய்ப் பால் உறைப்பு டோஸ்டுக்கு மட்டும். இனிப்பில் போட்டால் அது வட்டிலப்பத்தின் மணத்தைக் கொண்டுவந்து, வட்டிலப்பம் இல்லாத ஏமாற்றத்தையும் கொண்டுவரும். தேங்காய் விற்கிற விலைக்கு அந்தப் பரிசோதனையை நான் ஒரு முறைக்கு மேல் செய்யவில்லை.

அளவு: எட்டுத் துண்டுக்கு நான்கு முட்டை, 200 மில்லிலீற்றர் பால். இரண்டு துண்டுக்கு ஒரு முட்டை என்று மனதில் வைத்தால் போதும். பால் கூடினால் உள்ளே வேகாமல் சொதசொதவென்று நிற்கும். முட்டை கூடினால் பாணைச் சுற்றிப் பொரித்த முட்டை மணம் வரும். ஊர்க்கோழி முட்டை சிறிசு, நான்குக்குப் பதில் ஐந்து போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம், இனிப்புக்கும்தான். முட்டையை வெண்கரு நூல் தெரியாதவரை அடியுங்கள். இல்லாவிட்டால் அந்த நூல் துண்டின் ஓரத்தில் தொங்கி வெள்ளை வாலாகப் பொரியும், பிள்ளைகள் அதைப் பிடுங்கி எறிவார்கள். கறுவாத் தூளை நேரே போட்டால் மிதக்கும். அதை முதலில் சீனியோடு கலந்துவிட்டுப் போட்டால் கட்டி படாமல் கலக்கும்.

இனி முட்டையே போடலாமா என்ற கேள்வி. வார இறுதி என்றால் சனியும் வரும், புரட்டாதிச் சனியில் முட்டை எங்கள் அடுப்படிக்குள் வராது. விரதம் ஞாயிற்றில் விழுகிற நாட்களும் உண்டு. அந்த நாட்களுக்கு மூன்று வழி பார்த்தேன். கடலை மாவைக் கரைத்துத் தோய்ப்பது முதல் வழி. அது நல்ல சாப்பாடுதான், ஆனால் அது பாண் பஜ்ஜி, இந்தச் சாப்பாடில்லை. நன்றாகக் கனிந்த கதலிப்பழம் ஒன்றை மசித்துப் பாலில் கலப்பது இரண்டாவது. மணம் பிரமாதம், ஆனால் பழத்தின் இனிப்பால் ஓரம் கருகும், துண்டு கல்லோடு ஒட்டும். மூன்றாவது கஸ்ரட் தூள். இரண்டு மேசைக்கரண்டி தூளை ஒரு கப் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கரண்டி சீனி போட்டுத் தோய்க்க வேண்டும். கஸ்ரட் தூள் பெரும்பாலும் சோள மாதான், கல்லின் சூட்டில் அது தடித்துத் துண்டைச் சுற்றி ஒரு போர்வையாகப் படியும். நிறமும் மஞ்சள். தூள் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஒருக்கா கலக்க வேண்டும், அவ்வளவுதான். விரத நாளுக்கு இதுதான் வென்றது. பக்கற்றின் பின்னால் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

எண்ணெய்க்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பட்டர் மணம் தரும், ஆனால் அதிலுள்ள பாற்பொருள் கெதியாகக் கருகும். முதல் இரண்டு துண்டு அழகாக வரும், மூன்றாவதில் கறுப்புப் புள்ளி. மாஜரின் அதே தொல்லையை மணமில்லாமல் தரும். தேங்காய் எண்ணெய் தனியே என்றால் பாண் ரொட்டி மாதிரி மணக்கிறது. பாதித் தேங்காய் எண்ணெய், பாதிப் பட்டர் என்று கலந்தால் இரண்டின் தொல்லையும் குறையும். நெய் இருந்தால் அதுவே போதும், கருகாது. நல்லெண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயில் முட்டை என்றாலே என் மனைவிக்குச் சாமத்தியப்பட்ட காலத்தில் மூக்கைப் பிடித்துப் பருக்கிய காலைகள்தான் ஞாபகம் வருமாம். ஒரு தடவை தெரியாமல் ஊற்றிவிட்டு முழுத் தட்டையும் நானே தின்ன வேண்டியதாயிற்று.

அலுமினியத் தாச்சியில் சுடாதீர்கள். நடு கருகி ஓரம் பச்சையாக நிற்கும். பழகிய இரும்புத் தோசைக்கல்லுக்கு நிகரில்லை. காஸ் என்றால் தீயைக் குறைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் சுடுங்கள். சொல்லப்போனால் தணல்தான் காஸைவிட நன்றாகச் சுடுகிறது, சூடு ஒரே சீராக நிற்பதால். ஆனால் அந்தத் தணல் விழ விடிய ஐந்தரைக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

ஊறும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், விரலால் பாருங்கள். துண்டைக் கலவையில் வைத்து அரை நிமிடம், புரட்டி அரை நிமிடம். பிறகு நடுவில் மெல்ல அழுத்துங்கள். மேல் பகுதி நனைந்த பஞ்சுபோல அமுங்கி, உள்ளே ஒரு சின்னக் கடினம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அந்தக் கடினம் இல்லையென்றால் அளவுக்கு மிஞ்சி ஊறிவிட்டது. தூக்கும்போது துண்டு நேரே நிற்க வேண்டும், நடுவால் தொய்யக்கூடாது. இரண்டு துளி சொட்டவிட்டுக் கல்லில் போடுங்கள். சத்தம் 'சூ' என்று மெல்ல வர வேண்டும். படபடவென்று வெடித்தால் கல்லில் சூடு அதிகம். வெந்ததும் துண்டின் நடு கொஞ்சம் பொங்கி எழும். அதுதான் உள்ளே முட்டை இறுகிவிட்டதற்கு அடையாளம்.

இனிப்பா உறைப்பா? எங்கள் வீட்டில் இதற்கு வாக்கெடுப்பு நடந்து, இரண்டு அணியாகப் பிரிந்து, கடைசியில் கூட்டாட்சிதான் வந்தது. ஆறு துண்டு இனிப்பு, இரண்டு துண்டு உறைப்பு. இனிப்புக்கு மூன்று முட்டையும் 150 மில்லிலீற்றர் பாலும். மிச்சம் ஒரு முட்டையில் இரண்டு மேசைக்கரண்டி கட்டித் தேங்காய்ப் பால், பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, மிளகுதூள். வெங்காயத்தை மட்டும் அரைவாசி வதக்கிப் போட்டால் பச்சை வாடை வராது. இது முதலில் மாமிக்காகத் தொடங்கியது. இப்போது எனக்கு இனிப்பைவிட இதுதான் பிடிக்கிறது. சம்பல் ஒரு கிள்ளு பக்கத்தில் இருந்தால் மத்தியானம் வரைக்கும் பசிக்காது.

ஆனால் சீனி வருத்தக்காரருக்கு உறைப்பு டோஸ்ட் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீனி போடாவிட்டாலும் வெள்ளைப் பாணே இரத்தத்தில் சீனியை ஏற்றும். மாமி ஒரு துண்டோடு நிறுத்தி, பக்கத்தில் அவித்த முட்டையும் கீரையும் எடுத்துக்கொள்வார். மற்றத் துண்டு என்னுடையது.

மேலே ஊற்றுவதற்கு மேற்கு நாட்டில் மேப்பிள் மரத்துப் பாணி. அதை வாங்கும் காசுக்கு எங்கள் பக்கம் மூன்று மடங்கு நல்ல பொருட்கள் இருக்கின்றன. காட்டுத் தேன் முதலாவது. முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகளில் எடுத்த தேன் கிடைத்தால் கறுப்பு, லேசான கசப்பு, டோஸ்டின் பட்டர் மணத்துக்கு அப்படியொரு பொருத்தம். ஆனால் தெருவோரம் போத்தலில் விற்கிறதெல்லாம் தேனில்லை. சீனிப் பாகும் அதே நிறத்தில் வரும். தெரிந்த கையில் வாங்குங்கள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்காதீர்கள்.

நம்பி எடுக்கக்கூடியது பனங்கட்டி. இரண்டு ஓலைக் குட்டானைப் பிரித்து, கட்டியை உடைத்து, கால் கப் தண்ணீரும் தட்டிய இஞ்சித் துண்டும் போட்டு மெல்லிய தீயில் கரைத்து வடியுங்கள். வடிக்காமல் விட்டால் ஓலைத் துணுக்கு பல்லில் படும். ஆறும்போது பாகு தடிக்கும், அதனால் கல்லில் துண்டு வேகும்போதே செய்து இளஞ்சூட்டில் ஊற்ற வேண்டும். இஞ்சி, பனங்கட்டி, பட்டர் மூன்றும் சேர்ந்த அந்த மணத்துக்குத்தான் என் மனைவி ஏழரைக்கு முன்னரே எழும்பி வருகிறார். அதற்கு மேல் ஒரு கரண்டி எருமைத் தயிர் வைத்துப் பாருங்கள், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். மகன் முறிகண்டிக் கச்சானை இடித்து மேலே தூவுவான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் யாராவது ஒரு பக்கற் தராமல் போவதில்லை, அது முடிவதற்கு இதுவும் ஒரு வழி.

ஆகமொத்தம் என் தெரிவு இதுதான்: சனி பின்னேரம் வாங்கிய அச்சுப் பாண், பெருவிரல் கனம், ஆறிய பால் அல்லது பால்மா, பட்டரும் தேங்காய் எண்ணெயும் பாதிப்பாதி, இரும்புக் கல், பனங்கட்டிப் பாகு. சனி பின்னேரம் பாண் வாங்க மறந்துவிட்டால், ஞாயிறு காலை ஓட்டோவில் வந்த பாணை வெட்டி வெறும் கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டி, ஆறவிட்டு, பிறகு தோய்த்துச் சமாளிக்கலாம். முக்கால்வாசி வரும். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் அதற்கு மினக்கெடுவதில்லை. பாண் அவ்வளவு சூடாகக் கையில் இருக்கும்போது, அம்மியில் ஒரு கட்டைச் சம்பலை இழுத்து, கத்தி வைக்காமல் கையால் பிய்த்துத் தின்கிறோம். மகளும் ரியூசனுக்குச் சுணங்காமல் போகிறாள்.